இந்த எண் பகா எண்தானா? நாணயத்தைச் சுண்டிக் கண்டுபிடிக்கும் வழி

91 பகா எண்ணா என்று கேட்டுப் பாருங்கள். பலர் சட்டென்று "ஆமாம்" என்பார்கள். இரண்டால் வகுபடாது, மூன்றால் வகுபடாது, ஐந்தாலும் வகுபடாது. பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை ஒழுங்காக மனப்பாடம் செய்தவர்களுக்கு மட்டும் 13 × 7 = 91 என்பது நினைவுக்கு வரும்.

இரண்டிலக்க எண்ணுக்கே இந்தத் தடுமாற்றம் என்றால் 300 இலக்க எண்ணை என்ன செய்வது? செய்திகளை ரகசியமாக்கி அனுப்ப 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் மூவரும் உருவாக்கிய ஆர்எஸ்ஏ பூட்டுமுறைக்கு அப்படிப்பட்ட இரண்டு பெரிய பகா எண்கள் வேண்டும். 300 இலக்க எண்ணின் வர்க்கமூலத்தில் சுமார் 150 இலக்கங்கள் இருக்கும். அதுவரை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க உலகத்துக் கணினிகள் எல்லாவற்றையும் வேலைக்கு வைத்தாலும் முடியாது. ஆனால் உங்கள் மடிக்கணினி கண் இமைக்கும் நேரத்தில் விடை சொல்லிவிடும். எப்படி என்றால், ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கிற அதே வழியில்தான். எந்தச் சோற்றை எடுப்பது, எத்தனை எடுப்பது, எடுத்ததை எப்படி நசுக்கிப் பார்ப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இந்தக் கட்டுரையைக் கண்ணால் மட்டும் படிக்காதீர்கள். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். வகுத்தால் வரும் மீதி என்ன என்று தெரிந்திருந்தால் போதும், வேறு கணக்கு எதுவும் தேவையில்லை. நடுவே சில முடிவுகளை நாணயம் சுண்டி எடுக்கும் கணக்கு முறைகளுக்குச் சமவாய்ப்பு அல்காரிதங்கள் என்று பெயர். அவற்றுக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. நிகழ்தகவு எதற்கு, எங்கே, எப்படி வருகிறது என்ற எல்லாமே இந்த ஒரு கணக்கில் வந்துவிடுகிறது.

படி 1: மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்

2⁹⁰-ஐ 91-ஆல் வகுத்தால் மீதி என்ன? 2⁹⁰ என்பது 28 இலக்க எண். அதை முழுதாகக் கணக்கிட வேண்டாம். ஒவ்வொரு பெருக்கலுக்கும் பிறகு 91-ஆல் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மேலே போகலாம். அதோடு, ஒவ்வொரு தடவையும் வர்க்கம் எடுத்தால் அடுக்கு இரட்டிப்பாகும்:

2² = 4
2⁴ = 16
2⁸ = 256, மீதி 74
2¹⁶ = 74 × 74 = 5476, மீதி 16
2³² = 16 × 16 = 256, மீதி 74
2⁶⁴ = 74 × 74, மீதி 16

இப்போது 90 = 64 + 16 + 8 + 2. ஆகவே 16, 16, 74, 4 இவற்றைப் பெருக்கி, நடுநடுவே மீதி எடுத்தால் கடைசியில் 64 வரும். தொண்ணூறு பெருக்கல் செய்ய வேண்டிய இடத்தில் ஒன்பதோடு முடித்துவிட்டோம். அடுக்கு 1024 பிட் நீளமுள்ள எண்ணாக இருந்தாலும் இரண்டாயிரத்துச் சொச்சம் பெருக்கலுக்கு மேல் போகாது.

புதிதாக நிரல் எழுதுகிறவர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். முதலில் அடுக்கை முழுதாகக் கணக்கிட்டுவிட்டு, அப்புறம் மீதி எடுக்கலாம் என்று எழுதிவிடுவார்கள். சின்ன எண்களுக்கு அது ஓடும். பெரிய எண்ணுக்கு நினைவகம் முழுவதும் நிரம்பினாலும் அந்த எண் அடங்காது. பைத்தான் நிரல்மொழியில் பவ் என்ற கட்டளைக்கு அடிமானம் (அடுக்குக்கு உயர்த்தப்படும் எண்), அடுக்கு, வகுக்கும் எண் என்று மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் மேலே சொன்ன முறையிலேயே செய்துவிடும்.

படி 2: ஃபெர்மாவின் கேள்வியைக் கேளுங்கள்

பியேர் ஃபெர்மா 1640-ல் ஒரு கடிதத்தில் எழுதிய உண்மை இது. ஒரு பகா எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சிறிய எந்த எண்ணையும் அடிமானமாக வைத்து, பகா எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி எப்போதும் 1. உதாரணமாக 7-ஐ எடுத்தால் 3⁶ = 729 = 7 × 104 + 1.

அப்படியானால் 91 பகா எண்ணாக இருந்தால் 2⁹⁰-இன் மீதி 1 ஆக வந்திருக்க வேண்டும். நமக்கு வந்ததோ 64. எனவே 91 பகா எண் அல்ல, பகு எண்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். 7 என்ற பேச்சும் எடுக்கவில்லை, 13 என்ற பேச்சும் எடுக்கவில்லை. எந்தக் காரணியையும் கண்டுபிடிக்காமலேயே, காரணி உண்டு என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்துவிட்டோம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது. 2 என்ற எண் 91-க்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. கணினி அறிவியலிலும் இதற்குச் சாட்சி என்றே பெயர்.

சரி, 2-க்குப் பதிலாக 3-ஐக் கூப்பிட்டிருந்தால்? 3⁶ = 729 = 8 × 91 + 1. மீதி 1. 90 என்பது 6 × 15, ஆகவே 3⁹⁰-இன் மீதியும் 1. இந்தச் சாட்சி "91 பகா எண்தான்" என்று பொய் சொல்கிறது. 1 முதல் 90 வரை உள்ள எண்களில் இப்படிப் பொய் சொல்பவை 36.

இதிலிருந்து ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனை ஒரு பக்கம் மட்டுமே தவறும். "பகு எண்" என்று அது சொன்னால் அது நிரூபணம், அப்பீலே கிடையாது. "பகா எண்" என்று சொன்னால் அது ஒரு கருத்து மட்டுமே. விடையில் கொஞ்சம் பிழைக்கு இடம் கொடுத்து வேகத்தை வாங்கும் இந்த வகைக்கு மாண்டே கார்லோ அல்காரிதம் என்று பெயர். விடை எப்போதும் சரியாக இருந்து, ஓடும் நேரம் மட்டும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்து மாறினால் அது லாஸ் வேகஸ் வகை.

படி 3: சாட்சியை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள்

எதற்குச் சமவாய்ப்பு, எப்போதும் 2-ஐயே கேட்டால் போதாதா என்று தோன்றும். போதாது. 2¹⁰ = 1024 = 3 × 341 + 1. ஆகவே 2³⁴⁰-ஐ 341-ஆல் வகுத்தால் மீதி 1. ஆனால் 341 = 11 × 31. இரண்டை மட்டும் நம்பிய நிரல் இங்கே ஏமாந்துவிடும். 3-ஐக் கேட்டால் மீதி 56 வந்து குட்டு உடையும். ஆனால் 3-ஐ ஏமாற்றும் எண்ணும் உண்டு, 91-ஐ இப்போதுதான் பார்த்தோம்.

எந்த அடிமானங்களை நிரந்தரமாக வைத்தாலும், அவை எவை என்று தெரிந்தவர் அவற்றை ஏமாற்றும் எண்ணைத் தயார் செய்து கொண்டுவரலாம். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. அடுத்த படியில் வரும் வலுவான சோதனையையே 307-க்குக் குறைவான எல்லாப் பகா அடிமானங்களிலும் தாண்டிச் செல்லும் 397 இலக்கப் பகு எண் ஒன்றை ஃபிரான்சுவா அர்னோ என்பவர் 1995-ல் கட்டிக் காட்டினார். பானையின் மேற்பரப்பில் மட்டும் வெந்த சோற்றைப் பரப்பிவைத்த மாதிரிதான். மேலாக எடுத்துப் பார்க்கிறவர் எத்தனை பருக்கை எடுத்தாலும் ஏமாறுவார். கண்ணை மூடிக்கொண்டு கரண்டியை எங்கே வேண்டுமானாலும் விடுகிறவரை ஏமாற்ற முடியாது. ஏனென்றால் கரண்டி எங்கே போகும் என்பது அவருக்கே முன்கூட்டித் தெரியாது.

சமவாய்ப்பு அல்காரிதம் படிக்க வருகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். நிகழ்தகவு சோதிக்கும் எண்ணில் இல்லை. 91 என்பது "பாதி பகா எண்" அல்ல, அது என்றைக்கும் பகு எண்தான். நிகழ்தகவு இருப்பது நாம் சுண்டும் நாணயத்தில். எண்ணை யார் கொடுத்தாலும், எந்தக் கெட்ட எண்ணத்தோடு கொடுத்தாலும் நம் கணக்கு செல்லுபடியாவது அதனால்தான்.

படி 4: குறுக்கு விசாரணை

ஃபெர்மா சோதனைக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. அதைக் காட்ட நமக்கெல்லாம் தெரிந்த எண்ணையே எடுக்கலாம். லண்டனின் பட்னி பகுதியில் நோயுற்றுப் படுத்திருந்த ராமானுஜனைப் பார்க்க வந்த ஆங்கிலேயக் கணிதவியலர் ஹார்டி, தான் வந்த டாக்சியின் எண் 1729 என்றும் அதில் சுவாரசியம் ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதமாக எழுதக்கூடிய எண்களில் மிகச் சிறியது அதுதான் என்று ராமானுஜன் பதில் சொன்னார். அந்த 1729-க்கு இன்னொரு குணமும் உண்டு. 1729 = 7 × 13 × 19. 7, 13, 19 எதையும் காரணியாகக் கொள்ளாத எந்த அடிமானத்தைக் கேட்டாலும் அது "பகா எண்" என்று பொய் சொல்லும். 1 முதல் 1728 வரை அப்படிப்பட்டவை 1296, அதாவது சரியாக முக்கால்வாசி. 1729 போன்ற இந்த வகைப் பகு எண்களுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். பெரிய காரணிகள் கொண்ட கார்மைக்கேல் எண்ணாக இருந்தால் பொய்ச்சாட்சிகள் ஏறக்குறைய நூற்றுக்கு நூறு. இப்படிப்பட்ட எண்கள் முடிவில்லாமல் உண்டு என்று 1994-ல் ஆல்ஃபோர்ட், கிரான்வில், பொமரன்ஸ் மூவரும் நிரூபித்தார்கள்.

சாட்சி பொய் சொல்கிறது என்று சந்தேகம் வந்தால் வக்கீல் என்ன செய்வார்? குறுக்கு விசாரணை செய்வார். கேரி மில்லர் 1976-லும் மைக்கேல் ரேபின் 1980-லும் வெளியிட்டவை சேர்ந்து மில்லர்–ரேபின் சோதனை ஆயிற்று. அதன் உள்ளே இருப்பது ஒரே ஒரு பள்ளிக்கூட உண்மை.

ஒரு எண்ணின் வர்க்கத்தைப் பகா எண்ணால் வகுத்து மீதி 1 வந்தால், அந்த எண்ணின் மீதி 1 ஆக இருக்க வேண்டும், இல்லையேல் பகா எண்ணைவிட ஒன்று குறைவாக இருக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. ஏனென்றால் வர்க்கத்திலிருந்து 1-ஐக் கழித்தால் அது (எண் − 1) × (எண் + 1) என்று பிரியும். பகா எண் ஒரு பெருக்கலை வகுத்தால் இரண்டில் ஒன்றை வகுத்தே ஆக வேண்டும். பகு எண்ணுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அதன் ஒரு காரணி இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமும் போகலாம்.

இனிச் செய்முறை. சோதிக்கும் எண்ணிலிருந்து 1-ஐக் கழியுங்கள். கிடைத்த எண்ணை ஒற்றைப்படை எண் வரும்வரை இரண்டால் வகுத்துக்கொண்டே போங்கள். அந்த ஒற்றைப்படை அடுக்கில் தொடங்குங்கள். மீதி 1 அல்லது "எண்ணைவிட ஒன்று குறைவு" என்று வந்தால் இந்தச் சுற்றில் தேர்ச்சி. இல்லாவிட்டால், வகுத்தபடியே திரும்பிப் போகிற மாதிரி வர்க்கம் எடுத்துக்கொண்டே வாருங்கள். வழியில் "எண்ணைவிட ஒன்று குறைவு" வந்தால் தேர்ச்சி. அது வராமலேயே மீதி 1 வந்துவிட்டாலோ, கடைசிவரை எதுவுமே வராவிட்டாலோ அது பகு எண்.

91-இடமே திரும்பப் போவோம். 90 = 2 × 45. பொய் சொன்ன 3-ஐ மறுபடி கூண்டில் ஏற்றுங்கள். 3⁶-இன் மீதி 1, ஆகவே 3⁴²-இன் மீதியும் 1. 3⁴⁵ = 3⁴² × 3³, மீதி 27. இது 1-உம் இல்லை, 90-உம் இல்லை. ஆனால் 27 × 27 = 729, மீதி 1. அகப்பட்டுக்கொண்டது! 27-இன் இரு பக்கத்து எண்களைப் பாருங்கள், 26-உம் 28-உம். 26-க்கும் 91-க்கும் மீப்பெரு பொது வகுத்தி 13. 28-க்கும் 91-க்கும் 7. காரணிகளையே கக்கிவிட்டது.

1729-க்கும் இதே கதைதான். 1728 = 64 × 27. 2²⁷-இன் மீதி 645. வர்க்கம் எடுத்தால் 1065. மறுபடி வர்க்கம் எடுத்தால் 1. 1728 வழியில் வரவேயில்லை. 1064, 1066 இரண்டையும் 1729-ஓடு ஒப்பிட்டு மீப்பெரு பொது வகுத்தி எடுங்கள்: 133, 13.

குறுக்கு விசாரணையையும் தாக்குப்பிடிக்கும் பொய்ச்சாட்சிகள் உண்டு. 91-க்கு 9 அப்படிப்பட்டது. 9³ = 729, மீதி 1, ஆகவே 9⁴⁵-இன் மீதி எடுத்த எடுப்பிலேயே 1. ஆனால் அவை 36-லிருந்து 18-ஆகக் குறைந்துவிட்டன. ஒற்றைப்படைப் பகு எண் எதுவானாலும் (9-க்கு மேல்) பொய் சொல்லும் அடிமானங்கள் கால்வாசியைத் தாண்டாது என்று ரேபின் நிரூபித்தார். கார்மைக்கேல் எண்ணுக்கும் விதிவிலக்கு இல்லை.

படி 5: எத்தனை சுற்று?

ஒரு சுற்றில் பகு எண் தப்பிக்கும் வாய்ப்பு அதிகபட்சம் நான்கில் ஒன்று. ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக, முந்தைய சுற்றோடு தொடர்பில்லாமல் அடிமானத்தை எடுத்தால் இந்த வாய்ப்புகளை ஒன்றோடொன்று பெருக்க வேண்டும், ஆகவே தப்பிக்கும் வாய்ப்பு சுற்றுக்குச் சுற்று நான்கில் ஒன்றாகச் சுருங்கும். 10 சுற்றில் சுமார் 10 லட்சத்தில் ஒன்று. 20 சுற்றில் சுமார் லட்சம் கோடியில் ஒன்று. சுற்றுக்குச் சுற்று உழைப்பு கூட்டலாக ஏறுகிறது, பிழை பெருக்கலாக இறங்குகிறது. சமவாய்ப்பு அல்காரிதங்களின் பலம் எல்லாம் இந்த ஏற்றத்தாழ்வில் இருக்கிறது.

இதில் ஒரு பொறி உண்டு, நன்றாகப் படித்தவர்களும் விழுகிற பொறி. "ஒரு சுற்றில் தேர்ச்சி பெற்றுவிட்டது, ஆகவே இது பகா எண்ணாக இருக்க 75 சதவீத வாய்ப்பு" என்று சொல்லிவிடுவார்கள். தவறு. நான்கில் ஒன்று என்பது, எண் பகு எண்ணாக இருந்தால் அது தேர்ச்சி பெறும் வாய்ப்பு. தேர்ச்சி பெற்ற எண் பகு எண்ணாக இருக்கும் வாய்ப்பு அல்ல. இரண்டும் வேறு வேறு.

கணக்காகவே பார்க்கலாம். 1024 பிட் ஒற்றைப்படை எண்களில் சுமார் 355-க்கு ஒன்று பகா எண். அப்படி 355 எண்களைச் சோதியுங்கள். ஒரே ஒரு பகா எண் தேர்ச்சி பெறும். மிச்சம் 354 பகு எண்களில், கால்வாசி என்ற வரம்பை மட்டும் வைத்துப் பேசினால், 88 வரை தேர்ச்சி பெறலாம். அப்படியானால் தேர்ச்சி பெற்றவற்றில் பகா எண் 89-ல் ஒன்று! இப்போது 20 சுற்று என்று வைத்துப் பாருங்கள். தப்பும் பகு எண்களின் பங்கு 354-ஐ லட்சம் கோடியால் வகுத்த அளவு, சுமார் 300 கோடியில் ஒன்று. எனவே முன்கூட்டிய வாய்ப்பு என்ன என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் சுற்றுகளை முடிவு செய்ய வேண்டும்.

நடைமுறையில் நிலைமை இதைவிட ரொம்ப நல்லது. பெரும்பாலான பகு எண்களுக்குப் பொய்ச்சாட்சிகள் கால்வாசிக்கு வெகு கீழேதான் இருக்கும். ஆகவே எண்ணை நீங்களே சமவாய்ப்பாக எடுத்திருந்தால் சில சுற்றுகளே போதும். ஆனால் அந்த எண்ணை வேறு யாராவது கொடுத்திருந்தால் இந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளாதீர்கள். 40 சுற்றுகள் ஓட்டிவிடுங்கள். நேரம் ஒன்றும் பெரிதாகப் போகாது.

64 பிட்டுக்குள் அடங்கும் சிறிய எண்களுக்கு நாணயமே தேவையில்லை. 2 முதல் 37 வரையான 12 பகா எண்களை அடிமானமாக வைத்துச் சோதித்தால் அந்த எல்லைக்குள் பொய் சொல்லித் தப்பிக்கும் எண் ஒன்றுகூட இல்லை என்று சரிபார்க்கப்பட்டிருக்கிறது.

அப்படியானால் பெரிய எண்களுக்கும் நாணயம் இல்லாத வழி கிடையாதா? உண்டு. 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா மூவரும் எந்த நிரூபிக்கப்படாத ஊகத்தையும் நம்பாமல், சமவாய்ப்பும் இல்லாமல், பல்லுறுப்புக்கோவை நேரத்தில் (இலக்கங்கள் கூடினாலும் நேரம் கட்டுக்கடங்காமல் ஏறாமல்) முடியும் அல்காரிதத்தைத் தந்தார்கள். கயலும் சக்சேனாவும் அப்போதுதான் இளநிலைப் படிப்பை முடித்திருந்தவர்கள். கோட்பாட்டில் அது ஒரு மைல்கல். ஆனால் ஆர்எஸ்ஏ போன்ற பூட்டுகளுக்குச் சாவி உருவாக்கும் நிரல்கள் இன்றும் மில்லர்–ரேபினையே நம்பியிருக்கின்றன, அவ்வளவு வேக வித்தியாசம்.

படி 6: நாணயம் நல்ல நாணயமா?

இதுவரை சொன்ன அத்தனையும் "சமவாய்ப்பாக எடுங்கள்" என்ற ஒரே சொல்லின்மேல் நிற்கிறது. அதை அளக்கத்தான் தகவல் கோட்பாடு வருகிறது. கிளாட் ஷானன் 1948-ல் தந்த என்ட்ரோபி என்ற அளவை எளிதாக இப்படி நினைத்துக்கொள்ளலாம்: நீங்கள் எடுத்த எண்ணை ஆம், இல்லை என்ற கேள்விகளால் மட்டும் கண்டுபிடிக்க ஒருவருக்குச் சராசரியாக எத்தனை கேள்வி வேண்டும்? நேர்மையான நாணயத்தை ஒருமுறை சுண்டினால் 1 பிட். பத்து முறைக்கு 10 பிட். இருபக்கமும் தலை உள்ள நாணயத்தை ஆயிரம் முறை சுண்டினாலும் பூஜ்யம். எண் பார்க்க எவ்வளவு நீளம் என்பது முக்கியமே இல்லை. அது எத்தனை வழிகளில் வந்திருக்க முடியும் என்பதுதான் முக்கியம்.

டெபியன் லினக்ஸ் என்ற இயக்க முறைமையில், சாவிகளை உருவாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பின் ஓரிரு வரிகளை 2006-ல் நீக்கியபோது, சாவிகளுக்குச் சமவாய்ப்பு தரும் ஊற்று ஏறக்குறைய அடைபட்டுப்போனது. இயங்கும் நிரலுக்குக் கணினி கொடுக்கும் வரிசை எண் மட்டும் மிஞ்சியது. அது 32,768 மதிப்புகளில் ஒன்று, அதாவது 15 பிட். சாவி 2048 பிட் நீளம், உள்ளே இருப்பதோ 15 பிட் ரகசியம். 2008 மே மாதத்தில்தான் அது வெளியே தெரிந்தது. அதுவரை அந்தக் கணினிகளில் உருவான சாவிகளை எவரும் பட்டியல் போட்டு எடுத்துவிடலாம் என்ற நிலை.

ஆர்எஸ்ஏ முறையில் எல்லோரும் பார்க்கக்கூடிய பொதுச்சாவியில் இரண்டு ரகசியப் பகா எண்களின் பெருக்குத்தொகை இருக்கும். 2012-ல் ஆய்வாளர்கள் இணையத்தில் உள்ள அத்தகைய பொதுச்சாவிகளைத் திரட்டி, இரண்டிரண்டாக மீப்பெரு பொது வகுத்தி பார்த்தார்கள். வெவ்வேறு கருவிகள் ஒரே பகா எண்ணைத் தேர்ந்தெடுத்திருந்தால் அது அங்கேயே வெளிப்பட்டுவிடும். பாதுகாப்பான இணைப்புத் தரும் கருவிகளில் சுமார் 0.5 சதவீதத்தின் ரகசியச் சாவிகள் அவர்கள் கையில் வந்தன. பலவும் மின்சாரம் வந்து எழுந்த உடனேயே, கையில் சமவாய்ப்பு சேருமுன், சாவி உருவாக்கிய சின்னக் கருவிகள். அந்தப் பகா எண்கள் சோதனையில் தேறியவைதான். சோதனையில் குறை இல்லை, நாணயத்தில்தான் குறை.

எனவே பைத்தானில் எழுதினால் ரேண்டம் தொகுதியைச் சாவிக்குப் பயன்படுத்தாதீர்கள். அதன் உள்ளே எண்களை உருவாக்கித் தரும் மெர்சன் ட்விஸ்டர் என்ற முறை விளையாட்டுக்கும் மாதிரிக் கணக்குக்கும் அருமையானது, ஆனால் 32 பிட் வெளியீடுகளை 624 தடவை தொடர்ந்து பார்த்தவர் அடுத்து வரப்போவதைச் சொல்லிவிடுவார். சீக்ரெட்ஸ் தொகுதி இயக்க முறைமையிடமிருந்து வாங்கித் தருகிறது, அதை எடுங்கள். அடிமானத்தை 2-க்கும், எண்ணைவிட 2 குறைவானதற்கும் இடையில் தேர்ந்தெடுங்கள். 1-உம், எண்ணைவிட ஒன்று குறைவானதும் எப்போதும் "பகா எண்" என்றே சொல்லும், அவற்றைக் கூப்பிட்டுப் பயனில்லை. இரட்டைப்படை எண்களையும் சில நூறுக்குட்பட்ட பகா எண்களால் வகுபடுபவற்றையும் முதலிலேயே கழித்துவிட்டால் நிறைய நேரம் மிச்சம்.

இனி உங்கள் முறை. கார்மைக்கேல் எண்களில் மிகச் சிறியது 561. 560-ஐ இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் 35-ல் நிற்கும். அடிமானம் 2 என்று வையுங்கள். 2³⁵-இன் மீதி 263 வர வேண்டும், வராவிட்டால் எங்கோ பெருக்கலில் பிசகு. அங்கிருந்து வர்க்கம் எடுத்துக்கொண்டே போங்கள். 1 வருவதற்கு முந்தைய எண்ணைக் குறித்துவைத்து, அதன் இரு பக்கத்து எண்களுக்கும் 561-க்கும் மீப்பெரு பொது வகுத்தி எடுங்கள். இரண்டு விடைகளையும் பெருக்கினால் 561 வருகிறதா என்று பாருங்கள்.